ஹார்மோன் எடுக்கும் உடம்புக்குத் தண்ணீர், உப்பு, இளநீர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹார்மோன் தொடங்கிய தங்கச்சிகள் என்னிடம் முதலில் கேட்பது மார்பு எப்போது வளரும், தாடி எப்போது குறையும் என்பதைத்தான். பங்குனி வெயில் ஏறியதும் கேள்விகள் மாறிவிடும். "அக்கா, எழுந்தா தலை சுத்துது." "அக்கா, ராத்திரி நாலு தடவை பாத்ரூம் போறேன்." "அக்கா, ஊறுகாய் பாட்டிலையே காலி பண்ணிட்டேன், இது சரியா?" ஒவ்வொருத்திக்கும் தனித்தனியாக வாய்ஸ் மெசேஜ் அனுப்பி அலுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன். நான் திருநங்கை, சென்னையில் இருக்கிறேன், ஒன்பது வருடம் மாத்திரை சாப்பிட்டவள். டாக்டர் இல்லை. உங்கள் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்து டாக்டர் சொல்வதற்கும் இங்கே உள்ளதற்கும் முரண் இருந்தால், தாளைப் பார்த்தவர் சொல்வதைக் கேளுங்கள்.

ஹார்மோன் எடுத்தால் ஏன் இவ்வளவு தாகம்? ஏன் இத்தனை முறை சிறுநீர்?

பழி பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் மேல் விழுகிறது, ஆனால் பெரும்பாலும் காரணம் கூடவே தரும் ஸ்பைரோனோலாக்டோன். அல்டாக்டோன் என்ற பெயரில் பலர் வாங்குவது இதைத்தான். ஆண் ஹார்மோனைத் தடுக்க நமக்குக் கொடுக்கிறார்களே தவிர, பிறவியில் இது சிறுநீரை அதிகமாக்கும் மாத்திரை. இதய நோயாளிகளுக்கும் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும் இன்றும் கொடுக்கிறார்கள்.

சிறுநீரகத்துக்கு மேலே தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி அல்டோஸ்டிரோன் என்றொரு ஹார்மோனை அனுப்பும். "உப்பைப் பிடித்து வை, பொட்டாசியத்தை வெளியே தள்ளு" என்பது அதன் உத்தரவு. ஸ்பைரோ அந்த உத்தரவைச் சிறுநீரகத்தின் காதில் விழாமல் செய்துவிடும். உப்பு வெளியேறும், அதன் பின்னாலேயே தண்ணீரும் போகும், பொட்டாசியம் உள்ளேயே தங்கும். கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு விடை இந்த மூன்றில்தான் இருக்கிறது.

முதல் சில வாரங்களில் ஓட்டம் அதிகமாக இருக்கும். அப்புறம் உடம்பு கொஞ்சம் பழகிக்கொள்ளும்.

நான் சாப்பிடுவது ஸ்பைரோதானா என்றே எனக்குத் தெரியாதே?

அட்டையைத் திருப்பிப் பின்பக்கம் படியுங்கள், அல்லது போட்டோ எடுத்துத் தெரிந்தவர்களிடம் காட்டுங்கள். சைப்ரோடெரோன் என்று இருந்தால் அது சிறுநீரை அதிகமாக்காது. அதற்கு வேறு கவனங்கள் உண்டு, அது வேறு கதை. எத்தினைல் ஈஸ்ட்ரடையால் என்று இருந்தால் அது கர்ப்பத்தடை மாத்திரையில் இருக்கும் ஈஸ்ட்ரோஜன். ரத்தக்கட்டு அபாயம் அதிகம் என்பதால் நம் சிகிச்சைக்கு அதைத் தரக்கூடாது என்பது மருத்துவ உலகம் எப்போதோ முடிவுசெய்த விஷயம். நம் திருநங்கைகள் ஜமாத்தில் யாரோ சொன்னார்கள் என்று மெடிக்கலில் அதை வாங்கி நாளைக்கு நாலு போடும் பிள்ளைகளை இன்னும் பார்க்கிறேன். அவர்களுக்குத் தண்ணீரைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை. முதலில் டாக்டரிடம் போகவேண்டும். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையிலும் நமக்கென்றே தனிப் பிரிவு உண்டு.

ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர்?

எட்டு டம்ளர் என்ற கணக்கு எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் பெண்களுக்கு 2 லிட்டர், ஆண்களுக்கு 2.5 லிட்டர் என்கிறது. அதில் ரசம், மோர், பழம், டீ எல்லாமே சேர்த்தி. அதுவும் மிதமான வெயிலுக்குச் சொன்னது. சித்திரையில் வெளியே அலைகிறவளுக்கு அது போதாது. ஸ்பைரோ சாப்பிட்டுக்கொண்டு வெயிலில் வேலை செய்தால் தண்ணீராகவே இரண்டரை லிட்டர் பக்கம் போகலாம். வீட்டிலோ ஏசி ஆபீஸிலோ இருப்பவளுக்கு அது வேண்டாம்.

இன்னொரு பக்கமும் உண்டு. ஒருத்தி ஐந்து லிட்டர் கேனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தினமும் தீர்த்தாள். உப்பு ஏற்கெனவே வெளியேறிக்கொண்டிருக்க, வெறும் தண்ணீராக ஊற்றிக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் சோடியம் குறையும். தலைவலி, குமட்டல், குழப்பம் என்று தொடங்கி வலிப்பு வரை போகலாம். தாகத்துக்குக் குடியுங்கள், பந்தயத்துக்குக் குடிக்காதீர்கள்.

போதுமான அளவு குடிக்கிறேனா என்று எப்படித் தெரியும்?

சிறுநீரின் நிறம்தான். வெளிர் மஞ்சளாக இருந்தால் சரி. அடர் மஞ்சளுக்கு வந்தால் குறைவு. நாள் முழுக்க நிறமே இல்லாமல் வெறும் தண்ணீராகவே போனால் அதிகம். பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை போட்ட அன்று இந்தக் கணக்கு செல்லாது, என்ன குடித்தாலும் பளீர் மஞ்சள்தான். அதைப் பார்த்து மஞ்சள் காமாலை என்று பயந்து கீழாநெல்லி அரைத்தவர்களும் இருக்கிறார்கள்.

வெயிலுக்கு இளநீர் நல்லதுதானே?

ஊருக்கெல்லாம் நல்லது. ஸ்பைரோ சாப்பிடும் நமக்கு மட்டும் அளவு உண்டு. யாரிடம் சொன்னாலும் நம்பாமல் முறைப்பது இந்தப் பதிலுக்குத்தான்.

இளநீரில் 100 மில்லிக்கு ஏறத்தாழ 250 மில்லிகிராம் வரை பொட்டாசியம் இருக்கிறது. ஒரு காயில் கால் லிட்டருக்கு மேல் தண்ணீர் இருந்தால் 600, 700 மில்லிகிராம் உள்ளே போகும். சாதாரண ஆளுக்கு ஒரு நாளைக்கு 3,510 மில்லிகிராமாவது வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அதனால் அவர்களுக்கு இது வரம். நமக்கோ பொட்டாசியம் வெளியே போகும் வாசல் பாதி சாத்திக் கிடக்கிறது. உள்ளே சேர்ந்துகொண்டே போனால் நெஞ்சுத் துடிப்பையே தாறுமாறாக்கும்.

என் கதையையே சொல்கிறேன். மூன்றாம் வருடம், மே மாதம். தெருமுனை வண்டிக்காரர் எனக்கு வாடிக்கை. "வழுக்கையா, தண்ணியாம்மா?" என்பார், "தண்ணி" என்பேன். காலையில் ஒன்று, மதியம் ஒன்று, வீடு திரும்பும்போது ஒன்று. உடம்பு குளிர்ச்சியாக இருக்கிறது என்று எனக்குப் பெருமை வேறு. வழக்கமான பரிசோதனையில் பொட்டாசியம் 5.7 வந்தது. 3.5 முதல் 5 வரை இருக்கவேண்டியது. டாக்டர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "என்னம்மா குடிக்கிறே?" என்றார். சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

உடனே இன்னொரு முறை ரத்தம் எடுக்கச் சொன்னார். கையை இறுகக் கட்டி, முஷ்டியை மூடித் திறந்து மூடித் திறந்து எடுத்தால், ரத்த அணுக்கள் உடைந்துபோனால், பொட்டாசியம் பொய்யாக ஏறிக் காட்டும் என்று அன்றுதான் தெரிந்தது. இரண்டாவது முறை 5.4. பொய் கொஞ்சம்தான், மீதி இளநீர். மாத்திரையின் அளவைக் குறைத்தார். இளநீரையும் நிறுத்தி மூன்றாம் வாரம் பார்த்தபோது 4.6.

பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. முகப்பருவுக்காக ஸ்பைரோ சாப்பிட்ட ஆரோக்கியமான இளம்பெண்களைப் பற்றி 2015இல் அமெரிக்காவில் வந்த ஆய்வில், பொட்டாசியம் ஏறியது 1 சதவீதத்துக்கும் குறைவான பரிசோதனைகளில்தான். சிறுநீரகம் நன்றாக இருக்கும் இளைஞருக்கு வாரத்தில் ஒன்றிரண்டு இளநீர் ஒன்றும் செய்யாது. தினமும் மூன்று வேண்டாம். சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், டெல்மிசார்ட்டன், எனலாப்ரில், ராமிப்ரில் போன்ற பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்களும் டாக்டரைக் கேட்காமல் ஒன்றுகூட வேண்டாம்.

அப்படியென்றால் வெயிலுக்கு என்ன குடிப்பது?

நீர்மோர். உப்பு, இஞ்சி, கறிவேப்பிலை தட்டிப் போட்டு, தயிர் கொஞ்சமும் தண்ணீர் அதிகமுமாக. நமக்குப் போவது உப்பும் தண்ணீரும், மோரில் இருப்பதும் அதுதான். உப்புப் போட்ட எலுமிச்சை ஜூஸ், பழைய சோற்று நீராகாரம், இரண்டும் நல்லவை. நுங்கு, தர்பூசணி, வெள்ளரிப்பிஞ்சு அளவாகச் சாப்பிடலாம். டீ, காபியை நிறுத்தத் தேவையில்லை. நாளுக்கு இரண்டு மூன்று குடித்தால் உடம்பு வற்றாது. வற்ற வைப்பது சாராயம்.

கடையில் "குறைந்த சோடியம் உப்பு" என்று விற்பதைத் தொடாதீர்கள். சோடியத்துக்குப் பதில் அதில் இருப்பது பொட்டாசியம் குளோரைடு.

ஓ.ஆர்.எஸ். குடிக்கலாமா? அதிலும் பொட்டாசியம் உண்டே?

உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் கலவையில் ஒரு லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சிட்ரேட் 2.9 கிராம். பேதியிலோ வாந்தியிலோ உடம்பு வற்றும்போது குடிக்கலாம், குடிக்கவும் வேண்டும். தாகத்துக்குத் தினமும் குடிக்கும் பானம் அல்ல. அட்டைப் பெட்டியில் பழச்சுவையோடு வந்த சில பானங்கள் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரை ஒட்டிக்கொண்டிருந்தன. 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரைப் போடக்கூடாது என்று சொல்லிவிட்டது. அவை சர்க்கரைத் தண்ணீர்தான். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் பொட்டலம் போதும்.

ஊறுகாய், உப்பு மாங்காய், கருவாடு. நாக்கு அதையே கேட்கிறது. மசக்கையா?

மசக்கை என்று கிண்டல் செய்யாத ஆளே இல்லை! உப்பு வெளியேறுவதால் வரும் ஆசை இது. ரத்த அழுத்தம் சரியாகவோ குறைவாகவோ இருந்தால், சாப்பாட்டோடு ஒரு துண்டு ஊறுகாய்க்கு யாரும் தடை சொல்ல மாட்டார்கள். பாட்டிலோடு உட்கார்ந்தால் வயிறு பேசும்.

படுத்து எழுந்தால் கண் இருட்டிக்கொண்டு வருகிறது.

ரத்த அழுத்தம் இறங்குகிறது. எழும்போது முதலில் உட்காருங்கள், மெல்லப் பத்து எண்ணுங்கள், அப்புறம் நில்லுங்கள். வெந்நீரில் நீண்ட நேரம் குளித்துவிட்டு வரும்போதும், கூட்டத்தில் மணிக்கணக்கில் நிற்கும்போதும் இது அதிகம். உட்கார்ந்த நிலையிலும் நின்ற நிலையிலும் இரண்டு முறை பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். மயங்கி விழுந்துவிட்டால் டாக்டரிடம் போயே தீரவேண்டும், அளவைக் குறைப்பார்கள். மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பின் போட்டால் தினமும் அப்படியே போடுங்கள். உணவோடு போட்டால் உடம்பில் ஏறும் அளவு கணிசமாகக் கூடும் என்பதால், ஒரு நாள் அப்படி ஒரு நாள் இப்படி வேண்டாம்.

தண்ணீர் குடித்தால் பாத்ரூம் போகணும். வெளியே எங்கே போவேன்?

எந்த டாக்டரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை. "தண்ணி நல்லா குடிம்மா" என்பார்கள், அதோடு சரி. நம்மில் பலர் குடிக்காமல் இருப்பது தெரியாமல் அல்ல, தெரிந்தேதான். காலை எட்டு மணிக்குக் கிளம்பி மாலை ஆறு மணி வரை ஒரு வாய்கூடக் குடிக்காமல் கடை கடையாகக் காசு கேட்கும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். துணிக்கடையில் நிற்பவர்களும், கல்லூரிக்குப் போகிறவர்களும் அப்படித்தான்.

ஒரு பேருந்து நிலையம். கட்டணக் கழிப்பறை வாசலில் மேஜை, அதன் மேல் சில்லறைத் தட்டு, பின்னால் காசு வாங்குபவர். ஐந்து ரூபாய் வைத்தேன். பெண்கள் பக்கம் திரும்பினேன், "அங்கே லேடீஸ் இருக்காங்க" என்றார். ஆண்கள் பக்கம் பார்த்தேன், உள்ளே இருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். அவர் நாணயத்தை எடுத்து மேஜை ஓரத்துக்கு, என் பக்கமாக, ஒரு விரலால் தள்ளினார். பஸ் ஏறினேன். மூன்று மணி நேரப் பயணம். கையில் முழு பாட்டில், ஒரு சொட்டு குடிக்கவில்லை.

2019ஆம் ஆண்டின் திருநர் பாதுகாப்புச் சட்டம், பொதுமக்களுக்கான வசதிகளில் நமக்கு மறுப்புச் சொல்லக்கூடாது என்கிறது. அது மேஜைக்காரருக்குத் தெரியாது. தெரியும் வரை நாம் செய்துகொள்ளும் ஏற்பாடுகள் இவை. வீட்டை விட்டுக் கிளம்ப ஒன்றரை மணி நேரம் முன்பே இரண்டு டம்ளர் குடித்து, போய்விட்டுக் கிளம்புங்கள். வழியில் சண்டையில்லாத இடங்களை மனப்பாடம் செய்யுங்கள்: பெரிய மால், பழக்கமான பெட்ரோல் பங்க், தெரிந்த மெஸ், தொண்டு நிறுவன அலுவலகம். இரண்டு பேராகப் போங்கள். வெளியே மடக்கு மடக்காகக் குடியுங்கள், ஒரே மூச்சில் வேண்டாம். நாள் முழுக்க வெளியே இருப்பவர்கள் மாத்திரை நேரத்தை மாலைக்கு மாற்றலாமா என்று டாக்டரைக் கேளுங்கள். அப்போது ராத்திரித் தூக்கம் கெடும், அதுவும் தெரிந்தே கேளுங்கள். கேட்கும்போது காரணத்தையும் சொல்லுங்கள். சொன்னால்தானே அவர்களுக்கும் தெரியும்.

நீர்க்கடுப்பு வந்தால்?

வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வந்த கடுப்பு, தண்ணீரும் மோரும் குடித்ததும் ஒரு நாளில் அடங்கும். காய்ச்சல், இடுப்பு வலி, ரத்தம் இருந்தால் அது கிருமியாக இருக்கலாம். பாலின மாற்று அறுவை சிகிச்சை முடிந்தவர்களுக்கு சிறுநீர்ப் பாதை குட்டையாகிவிடுவதால் கிருமி ஏறுவது சுலபம். சிறுநீர் நூலாக வந்தாலோ, முக்கிப் போகவேண்டியிருந்தாலோ துவாரம் சுருங்கியிருக்கலாம். அதற்குப் பயந்து தண்ணீரைக் குறைக்காதீர்கள், சிறுநீரக அறுவை நிபுணரிடம் காட்டுங்கள்.

இந்த இடத்தில் ஒரு பொறி இருக்கிறது. சிறுநீர்த் தொற்றுக்குக் கொடுக்கும் மருந்துகளில் கோ-ட்ரைமாக்சசோல் ஒன்று. செப்ட்ரான், பாக்ட்ரிம் என்ற பெயர்களில் வரும். அதுவும் பொட்டாசியத்தை உள்ளேயே நிறுத்தும். ஸ்பைரோவோடு சேர்ந்தால் ஆபத்தான அளவுக்கு ஏறலாம். மெடிக்கலில் கேட்டு வாங்குவதை விட்டு, "நான் ஸ்பைரோனோலாக்டோன் சாப்பிடுகிறேன்" என்று எந்த டாக்டரிடம் போனாலும் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். எச்.ஐ.வி. சிகிச்சையில் கோ-ட்ரைமாக்சசோல் ஏற்கெனவே எடுப்பவர்கள் அதைத் தாமாக நிறுத்தவேண்டாம், இரண்டு டாக்டருக்கும் இரண்டையும் சொன்னால் போதும். வலிக்குப் போடும் டைக்ளோஃபினாக், இப்யூபுரோஃபென் கூட வற்றிய சிறுநீரகத்துக்குச் சுமைதான்.

வாந்தி, பேதி என்றால் மாத்திரையைத் தொடரலாமா?

அன்றே டாக்டருக்குப் போன் செய்யுங்கள். உடம்பு சரியாகும் வரை ஸ்பைரோவை நிறுத்திவைக்கச் சொல்வது வழக்கம். சிறுநீர் வெகுவாகக் குறைந்தாலோ, கைகால் துவண்டாலோ, நெஞ்சு படபடவென்று தாறுமாறாக அடித்தாலோ போனோடு நிற்காமல் 108.

மோதிரம் இறுகுகிறது, கால் வீங்குகிறது. தண்ணீரைக் குறைக்கவா?

இது ஈஸ்ட்ரோஜனின் வேலையாக இருக்கலாம். அது கொஞ்சம் உப்பையும் நீரையும் பிடித்துவைக்கும். தண்ணீரைக் குறைத்தால் சரியாகாது, அப்பளம் வற்றலைக் குறைத்துப் பாருங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் வலித்து, சூடாக இருந்தால் அது ரத்தக்கட்டாக இருக்கலாம், உடனே மருத்துவமனை. நீண்ட ரயில் பயணத்தில் மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள். தண்ணீர் மட்டும் ரத்தக்கட்டைத் தடுக்காது.

திருநம்பிகளுக்கும் இதே கதையா?

இல்லை. அவர்கள் எடுக்கும் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் ரத்தச் சிவப்பணுக்களைக் கூட்டும். ரத்தத்தில் அவற்றின் பங்கு எவ்வளவு என்பதை ஹெமட்டோகிரிட் என்று பரிசோதனையில் பார்ப்பார்கள், 54 சதவீதத்தைத் தாண்டினால் டாக்டர்கள் கவலைப்படுவார்கள். தண்ணீர் குடிக்காமல் போய் ரத்தம் கொடுத்தால் அந்த எண் உண்மைக்கு மேலே காட்டும். தம்பிகளே, முதல் நாள் நன்றாகக் குடித்துவிட்டுப் போங்கள். நெஞ்சை இறுக்கிக் கட்டும் பைண்டரோடு மதிய வெயிலில் அலையாதீர்கள். இளநீர் உங்களுக்குத் தடையில்லை, எனக்கும் சேர்த்துக் குடியுங்கள்.

என் அம்மா மாதவிடாய் நின்றபின் ஹார்மோன் எடுக்கிறார். அவருக்கு?

அதில் பொதுவாக ஸ்பைரோ கிடையாது. ராத்திரி வியர்த்துப் புடவை நனைந்தால் போன தண்ணீரைத் திரும்பக் குடிக்கவேண்டும், அவ்வளவுதான். வயது ஏற ஏறத் தாக உணர்வு மங்கும் என்பதால் நேரம் வைத்துக் கொடுங்கள்.

நிறையக் குடித்தால் ஹார்மோன் சீக்கிரம் வேலை செய்யுமா? தோல் பளபளக்குமா?

இரண்டும் இல்லை. ஈஸ்ட்ரோஜனில் தோலின் எண்ணெய்ப் பசை குறைவதால் வறட்சி வருகிறது. அதற்குக் குளித்ததும் ஈரத்தோடு தேங்காய் எண்ணெய் தடவுங்கள்.

கூவாகத்துக்குப் போகிறோம். என்ன கவனிக்க?

சித்திரைப் பௌர்ணமி, உளுந்தூர்பேட்டைப் பக்கத்து வெயில், பட்டுப்புடவை, நகை, தூக்கமில்லாத இரவு, அடுத்த நாள் தாலி அறுத்து அழுகை. வற்றிப்போக இதைவிட வேறென்ன வேண்டும்? ஆளுக்கு ஒரு லிட்டர் மோர், இரண்டு ஓ.ஆர்.எஸ். பொட்டலம், மாத்திரை அட்டையின் போட்டோ கையில் இருக்கட்டும். தேர் பார்க்கும்போது முதல் வருடப் பிள்ளைகளை நிழல் பக்கம் நிறுத்துங்கள். சாராயத்தை ஒரு நாள் தள்ளிவைத்தால் கூத்தாண்டவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பரிசோதனை எப்போதெல்லாம்?

2017ஆம் ஆண்டின் எண்டோகிரைன் சொசைட்டி வழிகாட்டி, ஸ்பைரோ எடுப்பவர்களுக்கு முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அப்புறம் வருடத்துக்கு ஒருமுறை பொட்டாசியம் பார்க்கச் சொல்கிறது. அளவை மாற்றினாலும், புது மருந்து சேர்ந்தாலும் நடுவில் பார்ப்பது நல்லது. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினினையும் சேர்த்துப் பார்ப்பார்கள்.

நிர்வாணம் (விதை நீக்கும் அறுவை சிகிச்சை) முடிந்துவிட்டது. இனியும் ஸ்பைரோ வேண்டுமா?

விதைகளை எடுத்தபின் தடுப்பதற்குப் பெரிதாக ஆண் ஹார்மோன் இல்லை. அதனால் பொதுவாக நிறுத்திவிடுவார்கள், ஈஸ்ட்ரோஜன் மட்டும் தொடரும். யாரும் சொல்லாததால் வருடக்கணக்கில் சும்மா சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள், நானும் ஏழு மாதம் சாப்பிட்டேன். டாக்டர் நிறுத்தச் சொன்ன அடுத்த வாரம் வண்டிக்காரரிடம் போய் நின்றேன். "எங்கம்மா, ஆளையே காணோம்?" என்றபடி கேட்காமலே ஒரு காயைச் சீவினார். தண்ணீர்க் காய்.